பழைய பின்போல் மெஷின் வாங்குவது: உப்புவெளித் தம்பிக்கு ஒரு விரிவான பதில்

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும். திருகோணமலைக்குப் பக்கத்தில் உப்புவெளியில் உங்கள் கெஸ்ட் ஹவுஸில் வைக்க ஒரு பழைய பின்போல் மெஷின், அதாவது சரிவான பலகையில் இரும்புப் பந்தை அடித்துப் புள்ளி எடுக்கும் விளையாட்டுப் பெட்டி, தேடுகிறீர்கள். சிப் இல்லாத, திரை இல்லாத, ரிலேயும் (கரண்ட் வந்தால் தானாக மாறும் சுவிச்) மோட்டரும் மணியுமாக ஓடுகிற அந்தக் காலத்து ரகம். இரண்டு கண்ணில் பட்டிருக்கிறது. ஒன்று பிரான்சில், மாமா இருக்கும் ஊருக்குப் பக்கத்தில், 1970களின் நடுப்பகுதியில் கொட்லீப் செய்த நாலு பேர் ஆடும் மெஷின். லைட் எல்லாம் எரிகிறது, ஆனால் ஆட்டம் தொடங்காது, உள்ளே மோட்டர் நிற்காமல் சுற்றுகிறது என்று விற்பவரே சொல்கிறார். மற்றது கொழும்பில், முழுக்கத் திருத்தியது, கொண்டுபோய் உடனே ஆடலாம் என்று சொல்லி இரண்டு மடங்கு விலை. எதை எடுப்பது, திருகோணமலையில் இதைத் திருத்த ஆள் இருக்கா என்பதுதான் கேள்வி.

என் பதில்: படக் கண்ணாடியும் ஆட்டப் பலகையும் நல்லதாக இருந்தால் பிரான்சில் இருப்பதை எடுங்கள். மோட்டர் சுற்றுவதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். நான் பாரிஸில் இருந்த காலத்தில் கஃபேக்களுக்கு மெஷின் போடுகிற ஒருவரின் பட்டறையில் இந்த வேலையைக் கைப்படக் கற்றவன், ஊருக்கு வந்த பிறகும் விடவில்லை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், முதல் மெஷின் வாங்குகிற எல்லாரும் "வேலை செய்யுதா?" என்றுதான் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது "இதில் யார் யார் கைவைத்தார்கள்?" என்பது.

காரணம் இருக்கிறது. இந்த மெஷினின் மின்பகுதி முழுக்கக் கண்ணால் பார்த்து, கையால் தொட்டுத் திருத்தக்கூடியது. கொயில் (கரண்ட் வந்தால் காந்தமாகி இழுக்கும் கம்பிச் சுருள்), ரிலே, சுவிச், பல்ப், பியூஸ், வயர், அவ்வளவுதான். எது பழுதானாலும் ஒன்றில் துப்புரவாக்கலாம், வளைத்துச் சரிசெய்யலாம், இல்லையென்றால் புதிதாக வாங்கிப் போடலாம். தலைப்பெட்டியில் நிற்கும் படக் கண்ணாடி, படமும் துளைகளும் உள்ள ஆட்டப் பலகை, அந்த மொடலுக்கென்றே அச்சடித்த சின்னப் பிளாஸ்டிக் துண்டுகள், பெட்டியின் மரம், இவை அப்படியில்லை. சில பெயர்போன மொடல்களுக்குப் புதிதாகக் கண்ணாடி அச்சடித்து விற்கிறார்கள், மற்றவற்றுக்குக் கிடையாது. ஆகவே மின்பழுது விலையைக் குறைக்கும், வாங்குகிறவருக்கு அது நல்லதுதான். படம் உரிந்த கண்ணாடி மெஷினையே குறைத்துவிடும்.

சரி, அந்த மோட்டர் விஷயம். ஸ்டார்ட் பட்டனை அமத்தியதும் மெஷின் முதலில் செய்வது போன ஆட்டத்தின் எண்களைப் பூச்சியத்துக்குக் கொண்டுவருவது. ஒவ்வொரு எண் உருளைக்கும் சொந்தமாக ஒரு கொயில் இருக்கிறது, அது ஒருமுறை இழுத்துவிட்டால் உருளை ஓர் எண் நகரும். பெட்டியின் அடியில் இருக்கிற ஸ்கோர் மோட்டர் சுற்றும்போது அதன் அச்சில் உள்ள வட்டத் தகடுகள் சுவிச் அடுக்குகளை வரிசையாகத் தட்டும், அந்தத் தட்டல்கள்தான் உருளைக் கொயில்களுக்குப் போகும். 10 புள்ளி எடுத்தால் ஒரு தட்டு, 50 புள்ளி எடுத்தால் மோட்டர் சுற்றி ஐந்து தட்டு. நீங்கள் காதால் கேட்கிற அந்த டக் டக் டக் டக் டக் என்ற சத்தம் அதுதான். உருளை பூச்சியத்துக்கு வந்ததும் அதன் பின்னால் இருக்கும் ஒரு சின்ன சுவிச் தன் நிலையை மாற்றும். எல்லா உருளையும் வந்துவிட்டது என்று அந்த சுவிச்சுகள் எல்லாம் சொன்னால்தான் மோட்டர் நிற்கும், பந்து வெளியே வரும். நாலு பேர் ஆடும் மெஷினில் ஆளுக்கு நாலோ ஐந்தோ உருளை என்று வைத்தால் பதினாறு முதல் இருபது உருளை. அதில் ஒன்றே ஒன்றின் சுவிச்சில் அழுக்குப் பிடித்திருந்தாலும், ஒரே ஒரு உருளை பழைய கிரீஸில் ஒட்டிப்போய் ஒன்பதில் நின்றாலும், மோட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும். பல வருடம் கராஜில் கிடந்த மெஷினில் அடிக்கடி காணும் பழுது இது.

மாமாவைப் போய் ஒரு வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். தலைப்பெட்டியின் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மோட்டர் சுற்றும்போது எண் உருளைகளை மட்டும் எடுத்தால் போதும். ஓர் உருளை பூச்சியத்துக்கு வராமல் துடித்துக்கொண்டு நின்றால் அது ஒட்டிப்போனது. வராமலும் அசையாமலும் நின்றால் அதன் கொயிலுக்குத் தட்டல் போகவில்லை. எல்லாம் பூச்சியத்தில் நின்றும் மோட்டர் சுற்றினால் ஏதோ ஒரு பூச்சிய சுவிச் சரியாக மாறவில்லை. மூன்றுமே வீட்டில் இருந்து திருத்தக்கூடியவை. ஒன்றை மட்டும் விற்பவரிடம் சொல்லிவையுங்கள், சும்மா சும்மா போட்டுக் காட்ட வேண்டாம். அந்த உருளைக் கொயில்கள் ஒரு நொடி இழுத்து விடுவதற்குச் செய்தவை, நீண்ட நேரம் தட்டல் போய்க்கொண்டே இருந்தால் சூடாகிக் கருகும்.

படக் கண்ணாடிக்கு வருவோம். படம் கண்ணாடியின் பின்பக்கத்தில் அச்சடித்தது. அதற்குப் பின்னால் வரிசையாகச் சின்னப் பல்புகள் பல வருடம் எரிந்திருக்கும். சூடும் குளிரும் ஈரமும் மாறி மாறி வந்து பெயின்ற் கண்ணாடியை விட்டுக் கிளம்பும். முன்னால் இருந்து எடுத்த படத்தில் இது வடிவாகத் தெரியாது. அறையை இருட்டாக்கி, கண்ணாடியைக் கழற்றி நிமிர்த்திப் பிடித்து, பின்னால் ஒரு டோர்ச் பிடித்து முன்னால் இருந்து படம் எடுக்க வேண்டும். ஊசிமுனை அளவு ஒளிப்புள்ளி அங்கங்கே தெரிந்தால் பரவாயில்லை, அது வயதுக்கு உள்ளது. படத்தில் இருக்கும் ஆளின் முகத்திலோ, பெரிய நிறப்பரப்பிலோ செதிள் செதிளாகக் கிளம்பியிருந்தால் நம் ஊர்க் காற்றுக்கு அது தாங்காது. பின்பக்கத்தை யாரும் துடைக்கக் கூடாது. ஈரத்துணி வேண்டாம், காய்ந்த துணியும் வேண்டாம், விரலாலும் தொட வேண்டாம். விற்கிற அன்று "கொஞ்சம் துப்புரவாக்கித் தருவோம்" என்று ஒரு துணியை எடுத்து அரைவாசிப் படத்தைத் துடைத்துவிட்டவர்களைப் பட்டறையில் பார்த்திருக்கிறேன். மாமா கண்ணாடியைப் பார்க்கப் போகும்போதே விற்பவரிடம் இதைச் சொல்லிவிட வேண்டும்.

ஆட்டப் பலகையில் தேய்மானம் எங்கே வரும் என்று தெரிந்தால் பார்ப்பது சுகம். பந்தை அடிக்கும் கைகளான பிலிப்பர்களுக்கு முன்னால் இருக்கும் பரப்பு, பந்தைத் தட்டி எறியும் பம்பர்களைச் சுற்றி, பந்து வந்து விழும் குழிகளின் விளிம்பு, இந்த மூன்று இடமும்தான். பெயின்ற் போய் மரம் தெரிந்தால் விலையைக் குறைக்கக் கேளுங்கள். மெல்லிய கோடு கோடாக வெடித்திருப்பது அந்தக் காலத்துப் பலகைகளில் சாதாரணம், ஆட்டத்துக்குத் தடையில்லை. ரப்பர் வளையங்கள் கல்லாகிப் போயிருக்கும், அதைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம், மொடலின் பெயரைச் சொன்னால் முழுச் செட்டாக அமெரிக்காவில் இருந்தும் ஐரோப்பாவில் இருந்தும் அனுப்புகிறார்கள். பிளாஸ்டிக் துண்டுகளை மட்டும் ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். இன்டர்நெட் பின்போல் டேட்டாபேஸில் பெயரைத் தேடினால் பெரும்பாலான மொடல்களுக்கு முழுப் படம் இருக்கும், அதைப் பக்கத்தில் வைத்து எது இல்லை, எது உடைந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். எத்தனை மெஷின் செய்தார்கள் என்பதும் பலவற்றுக்கு அங்கேயே இருக்கும். கொட்லீப்பின் ஸ்பிரிட் ஒஃப் 76 பத்தாயிரத்துக்கு மேல் செய்யப்பட்டது. அப்படி நிறையச் செய்த மொடலுக்குப் பாட்ஸ் கிடைப்பது லேசு.

கொழும்பு மெஷினை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் "முழுக்கத் திருத்தியது" என்ற சொல்லுக்கு இரட்டைக் காசு கொடுக்க முன்னர் உள்ளே பார்க்க வேண்டும். மேல் கண்ணாடியை இழுத்து எடுத்துவிட்டு, பந்தை எடுத்துவிட்டு, ஆட்டப் பலகையைக் காரின் பொனட்டைத் தூக்குவது போல முன்பக்கத்தால் தூக்கி நிறுத்தலாம். அடியில் நூற்றுக்கணக்கான வயர் வரும், கட்டுக்கட்டாக நூலால் கட்டி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறக்கோட்டோடு. தொழிற்சாலையில் கட்டிய அந்தக் கட்டுக் குலையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இன்சுலேசன் டேப் சுற்றிய இடங்கள், எங்கோ இருந்து எங்கோ தனியாகப் போகிற ஒரே நிறத்துப் புது வயர், வெட்டிவிட்டு முனை தொங்குகிற வயர், ரிலேக்குள் செருகிய தீக்குச்சி அல்லது மடித்த காகிதம், பியூஸ் கூட்டில் வெள்ளித்தாள் அல்லது தடித்த கம்பி, இதில் இரண்டு மூன்று கண்டால் அந்த மெஷின் இன்றைக்கு எவ்வளவு நன்றாக ஆடினாலும் விட்டுவிடுங்கள். யாரோ ஒருவர் பழுதைத் தேடாமல் சுற்றிவளைத்துப் போயிருக்கிறார். வரைபடத்தில் இல்லாத வயர் ஒன்றைத் தேடிக் கண்டுபிடிப்பது, ஐம்பது அழுக்குச் சுவிச்சைத் துப்புரவாக்குவதைவிடக் கடினம். பல வருடம் யாரும் தொடாத, தூசும் எலிக்கூடும் உள்ள செத்த மெஷின் எனக்கு இதைவிட எத்தனையோ மேல்.

வரைபடம் என்றேன், அது முக்கியம். பெட்டியின் அடியிலோ தலைப்பெட்டியின் உள்பக்கத்திலோ ஒரு பெரிய தாள் மடித்து வைத்திருக்கும், விரித்தால் மேசை கொள்ளாது. அது இருந்தால் மெஷினோடு வர வேண்டும் என்று பேசி வையுங்கள். இல்லையென்றால் பிரதி காசுக்கு வாங்கலாம், மெஷினுக்கு முன்னாலேயே வாங்கிவிடுங்கள். ஒரு ரிலேயின் பெயரைப் பிடித்துக்கொண்டு அதன் கொயில் எங்கே, அதன் சுவிச்சுகள் எங்கெங்கே என்று விரலால் தடம் பிடித்துப் பழகினால் சில மாலைகளிலேயே பிடிபட்டுவிடும். ஓரத்தில் சின்ன எழுத்தில் இந்தப் படம் மெஷினின் எந்த நிலையில் வரைந்தது என்று போட்டிருப்பார்கள், அதை முதலில் வாசியுங்கள். வாசிக்காமல் போனால் திறந்த சுவிச்சை மூடியது என்று நினைத்துத் திண்டாட வேண்டிவரும்.

இனிக் கரண்ட். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல மெஷினை ஒரே நாளில் கெடுப்பது இதுதான். கொட்லீப், வில்லியம்ஸ், பாலி, சிக்காகோ கொயின் எல்லாமே சிக்காகோப் பக்கத்துக் கம்பனிகள், உள்நாட்டுக்குச் செய்ததெல்லாம் 115 வோல்ட் சுமாருக்கு, 60 ஹேர்ட்ஸ். நமக்கு 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ஐரோப்பாவுக்கு அனுப்பிய மெஷின்களில் பெரும்பாலும் 220, 240 என்று பல முனை உள்ள ட்ரான்ஸ்போமர் போட்டிருப்பார்கள். பிரான்ஸ் மெஷினை நான் விரும்புவதற்கு இது பெரிய காரணம். மாமா பெட்டிக்குள் இருக்கும் ட்ரான்ஸ்போமரைக் கிட்ட நின்று படம் எடுக்க வேண்டும், முனைகளுக்குப் பக்கத்தில் எழுதிய எண்ணும், பிளக்கில் இருந்து வரும் வயர் எந்த முனையில் பற்றவைத்திருக்கிறது என்பதும் தெரிகிற மாதிரி. 220இல் பற்றவைத்திருந்து பக்கத்தில் 230 அல்லது 240 முனை இருந்தால் இங்கே வந்ததும் மாற்றிவிடலாம். வெளியே தனியாக ஒரு பெட்டி ட்ரான்ஸ்போமர் போட்டு எரிய வைத்திருந்தால் அது அமெரிக்க உள்நாட்டு மெஷின், அப்போது கணக்கு வேறு.

அந்தக் கணக்கையும் சொல்கிறேன், கொழும்பு மெஷின் அமெரிக்காவில் இருந்து வந்ததாக இருக்கலாம். 60 ஹேர்ட்ஸுக்குச் செய்த ட்ரான்ஸ்போமரை 50இல் ஓட்டினால், வோல்ட் அதே அளவாக இருந்தாலும் அதன் இரும்புக்குள் காந்தம் ஆறில் ஒரு பங்கு அல்ல, ஐந்தில் ஒரு பங்கு கூடும். 60ஐ 50ஆல் பிரித்துப் பாருங்கள், 1.2 வரும். அதனால் கூடக் கரண்ட் இழுத்துச் சூடாகும். ஏசி கரண்டில் ஓடும் கொயில்களுக்கும் அதே கதை. ஹேர்ட்ஸ் குறைந்த அளவுக்கு வோல்ட்டையும் குறைத்தால் இது சரியாகும்: 115இல் ஆறில் ஐந்து பங்கு கிட்டத்தட்ட 96. ஆகவே 110 வோல்ட் பெட்டியைவிட, ஜப்பான் சாமான்களுக்கென்று ஆக்கள் வாங்குகிற 230இல் இருந்து 100 வோல்ட் ட்ரான்ஸ்போமர் இதற்குப் பொருத்தம். கொயில்களின் இழுவை பெரிதாகக் குறையாது, பல்ப் கொஞ்சம் மங்கும், அதனால் படக் கண்ணாடிக்கும் நல்லது. மோட்டர் மட்டும் ஆறில் ஐந்து வேகத்தில்தான் சுற்றும், அதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம், ஆட்டம் கெடாது. ட்ரான்ஸ்போமர் 500 விஏக்குக் குறையாமல் எடுங்கள், இரண்டு சுற்றும் தனித்தனியாக உள்ளதாக எடுங்கள். ஒரே சுற்றில் முனை எடுத்த மலிவு ரகத்தில் 230 நேரே உள்ளே வர வாய்ப்பு உண்டு. பல மெஷின்களில் கொயில் பக்கத்துக்கும் ஒரு கூடுதல் முனை இருக்கும், லைன் வோல்ட் குறைந்த இடங்களுக்கென்று வைத்தது. பின்னேரம் வோல்ட் விழுகிற இடம் என்றால் பிலிப்பர் சோர்ந்துபோகும், அப்போது அதற்கு மாற்றலாம், மல்டிமீட்டரால் பல நேரங்களில் அளந்து பார்த்த பிறகு.

எர்த். இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். பழைய மெஷின் நிறைய இரண்டு வயரோடு மட்டும் வரும். நாணயக் கதவு இரும்பு, பக்கச் சட்டம் இரும்பு, கால் நாலும் இரும்பு. உங்கள் இடத்தில் கடலில் குளித்துவிட்டு ஈர உடம்போடு, வெறுங்காலோடு, மணலோடு வந்து ஆள் இதைப் பிடித்துக்கொண்டு நிற்கப் போகிறார். மூன்று வயர் உள்ள புது வயர் போட்டு, எர்த்தை ட்ரான்ஸ்போமரின் உடம்புக்கும் கதவுக்கும் சட்டங்களுக்கும் கால் போல்ட்டுக்கும் பின்னல் கம்பியால் இணைக்க வேண்டும். ட்ரிப் சுவிச் உண்மையாகவே விழுகிறதா என்று சோதிக்க வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் ஒருவரும் தொடலாம். சுவிச்சை நிறுத்தினாலும் உள்ளே கரண்ட் நிற்கும் மெஷின்கள் உண்டு, ஆகவே திறக்க முன்னர் பிளக்கையே கழற்றுங்கள்.

திருத்த ஆள் கிடைப்பாரா என்றால், கிடைப்பார், நீங்கள் நினைப்பதைவிட லேசாக. பழைய வால்வு ரேடியோ திருத்திய கை உள்ள ஒருவரைத் திருகோணமலையில் தேடுங்கள். அப்புறம் மோட்டர் வைண்டிங் கடைகள். வில்லியம்ஸ், பாலி கொயில்களின் மேல் சுற்றிய தாளில் 23-750 என்ற மாதிரி ஓர் எண் இருக்கும், 23ஆம் கேஜ் கம்பி, 750 சுற்று என்று அர்த்தம். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் எந்த வைண்டிங் கடையும் சுற்றித் தரும். ஒரு கவனம்: அது அமெரிக்கக் கேஜ். நம் கடைகளில் பாவிக்கும் பிரிட்டிஷ் கேஜில் 23 என்று சொன்னால் தடித்த கம்பி போட்டுவிடுவார்கள். அமெரிக்க 23 சுமார் 0.57 மில்லிமீற்றர், பிரிட்டிஷ் 24 அதற்கு மிக அருகில் வரும். எண்ணைச் சொல்லாமல் மில்லிமீற்றரைச் சொல்லுங்கள். கொட்லீப்பில் பெரும்பாலும் கொயிலின் பாட் நம்பர்தான் இருக்கும், அட்டவணை பார்த்து எடுக்க வேண்டும். கொயில் கருகியிருந்தால் புதிது போடுவதற்கு முன்னால் ஏன் கருகியது என்று தேடுங்கள், கொயில் தானாகக் கருகுவது குறைவு. பிலிப்பர் கொயிலுக்குள் இரண்டு சுற்று இருக்கிறது, அடிப்பதற்குப் பலமான ஒன்று, பிடித்து நிற்பதற்கு மெல்லிய ஒன்று. பிலிப்பர் மேலே போனதும் ஒரு சுவிச் திறந்து மெல்லியதையும் சேர்த்துவிடும். அந்த சுவிச் திறக்காவிட்டால் பலமான சுற்றிலேயே முழுக் கரண்டும் போய்ச் சில நிமிடத்திலேயே புகை வரும்.

சுவிச் துப்புரவுக்கு மணல் கடதாசி வேண்டாம். ரிலேக்களின் தொடுமுனை வெள்ளி, மெல்லியது. ஒரு தடித்த விசிட்டிங் கார்டை இரண்டு முனைக்கும் நடுவில் வைத்து விரலால் மெல்ல அமத்திக்கொண்டு இழுத்தால் கறுப்புக் கோடு ஒன்று கார்டில் வரும், வராமல் போகும் வரை இழுங்கள். பிலிப்பர் சுவிச்சில் உள்ளது டங்ஸ்டன், கடினம், அதற்கு மட்டும் சின்ன அரம் போடலாம். ஸ்டெப்பர் என்று சொல்கிற, செப்புப் பொட்டுகளின் மேல் விரல்கள் வழுக்கிப் போகும் அந்தப் பாகங்களில் பழைய கிரீஸ் பிசினாகியிருக்கும். கழற்றி அல்கஹோலால் துடைத்துவிட்டுக் காய்ந்தே ஓட விடுங்கள். டபிள்யூடி-40 போன்ற ஸ்பிரேயை மெஷினுக்குள் அடிக்க ஒருவரையும் விட வேண்டாம், முதல் வாரம் நன்றாக ஓடும், பிறகு தூசோடு சேர்ந்து முன்னையதைவிட மோசமாக ஒட்டும்.

நம் ஊர்க் காலநிலையை மெஷின் செய்தவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனி ஆடியில் கச்சான் அடித்தால் மரம் காய்ந்து சுருங்கும், வாடைக்கு ஊறி வீங்கும். இரண்டுக்கும் நடுவில் கடற்காற்றின் உப்பு. முன் விறாந்தையில் வைக்க ஆசை வரும், விருந்தாளிகள் பார்ப்பார்கள் என்று. தயவுசெய்து வைக்காதீர்கள். கடலைப் பார்க்காத உள் அறை ஒன்றில், சுவரில் இருந்து ஓரடி தள்ளி வையுங்கள், கறையான் சுவரால் இறங்கி வரும். உங்களுக்கு ஆள் வருவது சித்திரை தொடங்கிப் புரட்டாசி வரை, அதன் பிறகு மழை, மெஷின் சும்மா நிற்கும். அந்த மாதங்களில்தான் அது கெடும். வாரத்துக்கு ஒருமுறையாவது போட்டு இரண்டு மூன்று ஆட்டம் ஆடுங்கள், பல்புகளின் சூடே உள்ளே ஈரத்தைக் குறைக்கும், சுவிச்சுகள் ஒன்றோடொன்று உரசித் தாமாகத் துப்புரவாகும். படத்துக்குப் பின்னால் உள்ள பல்புகள் 44 என்ற ரகமாக இருந்தால் 47க்கு மாற்றுங்கள், 250 மில்லிஅம்பியருக்குப் பதில் 150தான் எடுக்கும், சூடு நன்றாகக் குறையும்.

அனுப்பும் விஷயம் நேரானது. தலைப்பெட்டி கழன்று வரும், கால்கள் கழன்று வரும், எல்லாம் சேர்த்து நூறு கிலோவுக்கு மேல், கழற்றிவிட்டால் இரண்டு பேர் தூக்கலாம். பந்தை எடுத்துத் தனியாகக் கட்டச் சொல்லுங்கள், 80 கிராம் இரும்பு உள்ளே உருண்டு திரிந்தால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. படக் கண்ணாடி தனிப் பெட்டியில் நிமிர்ந்து வர வேண்டும். கொழும்பு வந்த பிறகு ஹபரணை வழியாகப் பட்டா லொறியில் கொண்டுவரலாம். காசு கட்ட முன்னர் கிளியரிங் ஏஜென்டிடம் எழுத்தில் கேளுங்கள்: நாணயம் போட்டு ஆடும் விளையாட்டுக்குச் சர்வதேசச் சுங்க அட்டவணையில் 9504.30 என்ற இலக்கம், பாவித்த சாமானாக இதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டுமா, வரி எவ்வளவு என்று. பாலி செய்த பிங்கோ வகை மெஷின்களைத் தொடவே வேண்டாம், அதில் பிலிப்பரே இல்லை, சூதாட்டத்துக்குப் பாவித்தவை, உள்ளே வயரும் மிக அதிகம். துப்பாக்கி சுடுவது, கார் ஓட்டுவது போன்ற பழைய மெஷின்கள், சேகாவின் பெரிஸ்கோப் (1966), சிக்காகோ கொயினின் ஸ்பீட்வே (1969) காலத்தவை, பார்க்க அழகானவைதான், ஆனால் அவற்றின் கண்ணாடிகளும் படத் தட்டுகளும் உடைந்தால் மாற்றுக் கிடைக்காது. முதல் மெஷினாக வேண்டாம். 1977 வாக்கில் ஒரே பெயரில் இரண்டு ரகமும் வந்தது, வில்லியம்ஸின் ஹொட் டிப் அப்படி, ஒன்று ரிலே, மற்றது சிப். எண் உருளையா டிஜிட்டலா என்று முகப்பைப் பார்த்தாலே தெரியும்.

நாலு பேர் ஆடும் மெஷின் ஒருவர் ஆடுவதைவிட மலிவாக வரும், விதிகள் கொஞ்சம் லேசானவை, ஏனென்றால் ஒருவர் பாதியில் விட்டதை அடுத்த முறை வரை நினைவில் வைக்க அதற்கு இடமில்லை. பட்டறைக்காரருக்கு ஒருவர் ஆடும் மெஷின் பிடிக்கும். ஆனால் கெஸ்ட் ஹவுஸுக்கு நாலு பேர் ஆடுவதுதான் சரி, ஒரு குடும்பமே சுற்றி நின்று ஆடும்.

ஆகவே மாமாவிடம் இப்போது கேட்க வேண்டியது: மோட்டர் சுற்றும்போது எண் உருளைகளின் வீடியோ, இருட்டில் பின்னால் டோர்ச் பிடித்த படக் கண்ணாடி, தூக்கி நிறுத்திய ஆட்டப் பலகையின் அடிப்பக்கம், பிலிப்பர்களுக்கு முன்னால் உள்ள பரப்பு, ட்ரான்ஸ்போமரின் முனைகள். விலை பேசுவதை இவை வந்த பிறகு வையுங்கள். கொழும்பு ஆளிடமும் இதே படங்களைக் கேளுங்கள், தர மறுத்தால் அங்கேயே விட்டுவிடலாம். படங்கள் வந்ததும் இங்கே போடுங்கள், எந்தெந்தப் பாட்ஸை மாமா அங்கிருந்தே மெஷினோடு சேர்த்து அனுப்ப வேண்டும் என்று பார்த்து எழுதுகிறேன்.